கேள்விக்குறிகளாக மாறிய கோப்புப் பெயர்கள்: விண்டோஸில் ஒரு பெர்ல் ஸ்க்ரிப்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

நாட்டுப்புறப் பாடல்களைத் தட்டச்சு செய்து சேர்த்து வைக்கும் ஒரு சிறிய குழுவுக்கு நான் ஒரு பெர்ல் ஸ்க்ரிப்ட், அதாவது பெர்ல் என்ற நிரல் மொழியில் ஒரு சிறு நிரல், எழுதிக் கொடுத்தேன். தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி என்று சுமார் முந்நூறு பாடல்கள். பாடலுக்கு ஒரு டெக்ஸ்ட் கோப்பு. கோப்பின் பெயர், பாடலின் முதல் ஒன்றிரண்டு சொற்கள், தமிழிலேயே. ஸ்க்ரிப்டுக்கு வேலை சின்னதுதான்: ஒவ்வொரு கோப்பையும் திறந்து, எத்தனை அடி, எத்தனை சொல், முதல் அடி என்ன என்று எடுத்து, எக்செலில் திறக்கிற மாதிரி ஒரு பட்டியல் தர வேண்டும்.

லினக்ஸில் எழுதினேன், ஓடியது. என் விண்டோஸ் லேப்டாப்பிலும் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. அதை நம்பித்தான் அவர்களுடைய அலுவலகக் கணினியில் விண்டோஸுக்கென்று கட்டப்பட்ட ஸ்ட்ராபெர்ரி பெர்லை நிறுவச் சொல்லி, ஸ்க்ரிப்டை அனுப்பினேன். பாடல்களைத் தட்டச்சு செய்கிற அக்காதான் அதை ஓட்டப் போகிறவர். அன்று மாலையே அழைத்தார்.

“தம்பி, டபுள் கிளிக் பண்ணா கறுப்பா ஒரு சன்னல் வந்துட்டு உடனே மறைஞ்சுடுது.”

இது விண்டோஸில் பெர்லைத் தொடுகிற எல்லாருக்கும் வருவது. ஸ்க்ரிப்ட் முடிந்ததும் சன்னலும் மூடிக்கொள்ளும்; பிழைச் செய்தியும் அதோடு போய்விடும். கட்டளைகளை அடித்து ஓட்டுகிற கமாண்ட் பிராம்ப்ட் சன்னலைத் திறந்து, பாடல்கள் இருக்கிற ஃபோல்டருக்குப் போய், பெர்ல் என்று அடித்து, ஸ்க்ரிப்டின் பெயரையும் அதன் பின்னால், எல்லா டெக்ஸ்ட் கோப்புகளும் என்ற பொருளில், நட்சத்திரம் புள்ளி டிஎக்ஸ்டி என்றும் அடிக்கச் சொன்னேன். இப்போது சன்னல் மூடவில்லை. செய்தி நின்றது. நட்சத்திரம் புள்ளி டிஎக்ஸ்டி என்ற பெயரைக் காட்டி, பக்கத்தில் “இன்வாலிட் ஆர்குமென்ட்” என்றது.

காரணம் தெரிந்ததுதான். லினக்ஸில் நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரித்துக் கொடுப்பது ஷெல், அதாவது நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டுகிற நிரல். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் அந்த வேலையைச் செய்யாது. நட்சத்திரத்தை அப்படியே பெர்லிடம் தள்ளிவிடும். பெர்ல் அந்தப் பெயரிலேயே ஒரு கோப்பைத் திறக்கப் பார்க்கும். விண்டோஸில் நட்சத்திரம் கோப்புப் பெயரில் வரவே கூடாத குறி. அதனால்தான் ‘கோப்பு இல்லை’ என்று சொல்லாமல் ‘இந்த உள்ளீடு செல்லாது’ என்கிறது. சரி, ஷெல்லை நம்ப வேண்டாம் என்று ஸ்க்ரிப்டை மாற்றினேன். பெர்லின் ஓப்பன்டிர், ரீட்டிர் என்ற இரண்டு கட்டளைகளையும் வைத்து ஃபோல்டரை அதுவே படித்து, டிஎக்ஸ்டி என்று முடிகிற பெயர்களை எடுத்துக்கொள்ளும்படி எழுதி அனுப்பினேன்.

“அதே இன்வாலிட் ஆர்குமென்ட்தான் தம்பி வருது.”

இந்த இடத்தில்தான் ஒரு முழு மாலை வீணானது. செய்தி அதே செய்தியாக இருந்ததால், அவர் பழைய ஸ்க்ரிப்டையே ஓட்டுகிறார் என்று நினைத்தேன். அழிக்கச் சொன்னேன், மறுபடி அனுப்பினேன், வேறு பெயரில் அனுப்பினேன். கடைசியில் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னபோதுதான் தெரிந்தது: செய்தியின் பின்பாதி அதே, முன்பாதி வேறு. நட்சத்திரம் இருந்த இடத்தில் நான்கு கேள்விக்குறிகள், அப்புறம் புள்ளி டிஎக்ஸ்டி. கேள்விக்குறியும் விண்டோஸ் கோப்புப் பெயரில் வரக்கூடாத குறி. இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒரே செய்தியைத் தந்திருக்கின்றன.

நான்கு கேள்விக்குறி ஏன் நான்கு என்று எண்ணிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. அக்காவிடம் அந்த ஃபோல்டரில் முதலில் இருக்கும் கோப்பு எது என்று கேட்டேன். “அறம்” என்றார். நாம் எண்ணினால் மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தருகிற யூனிகோடில் அ, ற, ம, புள்ளி என்று நான்கு குறியீடுகள். ஆக, ஒரு குறியீட்டுக்கு ஒரு கேள்விக்குறி. பெயரை யாரோ யூனிகோடாகச் சரியாகப் படித்திருக்கிறார்கள். படித்த பிறகு, வேறொரு எழுத்துத் தொகுதிக்கு மாற்றும்போது ஒவ்வொன்றும் இடம் கிடைக்காமல் கேள்விக்குறியாகியிருக்கிறது.

தமிழ் திரையில் தவறாகத் தெரியும்போது அது எப்படித் தவறாகத் தெரிகிறது என்பதைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் தரவு நலமாகவே இருக்கிறது. அந்தச் சன்னலின் எழுத்துருவில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். பழைய கமாண்ட் பிராம்ப்ட் சன்னலில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதே இல்லை, அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஓர் எழுத்துக்கு மூன்றாக, தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியுமாக வந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ மேற்கு ஐரோப்பியக் கோட்பேஜாகப் படிக்கிறார்கள் என்று பொருள். யூடிஎஃப்-8 என்பது யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் ஒரு முறை; கோட்பேஜ் என்பது அதற்கு முந்தைய எழுத்து அட்டவணை. ‘க’ என்பது யூடிஎஃப்-8இல் 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகள். படிக்கிறவரை மாற்றினால் எழுத்து திரும்பி வந்துவிடும். கேள்விக்குறி மட்டும் அப்படியில்லை. அது 63 என்ற ஒரே பைட். அங்கே ‘அ’ இருந்ததா ‘ற’ இருந்ததா என்பதற்கு எந்தத் தடயமும் மிச்சமில்லை. கேள்விக்குறியைக் கண்டால், அதற்கு முன்பே இழப்பு நடந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, பின்னோக்கித் தேட வேண்டும்.

என் லேப்டாப்பில் மட்டும் எப்படி ஓடியது? அங்கே நான் ஓட்டியது கிட் பாஷ் சன்னலில், அதாவது கிட் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளோடு வரும் லினக்ஸ் பாணி ஷெல்லில். விண்டோஸுக்கான கிட்டை நிறுவினால் அதற்குள்ளேயே ஒரு பெர்ல் வந்துவிடும். அது விண்டோஸ் கணினியில் ஓடினாலும் யூனிக்ஸ் போல நடந்துகொள்கிற எம்சிஸ் என்ற அடுக்கின் மேல் நிற்கிறது. அந்த அடுக்கு கோப்புப் பெயர்களை விண்டோஸின் யூனிகோட் வழியாகக் கேட்டு, பெர்லிடம் யூடிஎஃப்-8ஆகக் கொடுத்துவிடும். நட்சத்திரத்தை பாஷ் விரித்துக் கொடுத்துவிடும். வரி முடிவும் லினக்ஸ் மாதிரியே. சொல்லப்போனால், நான் விண்டோஸில் சோதிக்கவே இல்லை. பெர்லோடு சிறிய வி என்ற சுவிட்சைப் போட்டால் முதல் சில வரிகளிலேயே எதற்காகக் கட்டப்பட்டது என்று சொல்லும்: கிட்டோடு வந்ததில் எம்சிஸ், ஸ்ட்ராபெர்ரியில் எம்எஸ்வின்32. யாராவது ‘விண்டோஸில் பெர்ல் ஓடவில்லை’ என்று சொன்னால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இந்த வரியைத்தான். அடுத்து, வேர் பெர்ல் (where perl) என்ற கட்டளையை ஓட்டச் சொல்கிறேன். அது பாத் பட்டியலில், அதாவது அந்தக் கணினி நிரல்களைத் தேடுகிற ஃபோல்டர்களில், உள்ள எல்லாப் பெர்லையும் வரிசையாகக் காட்டும். சில தரவுத்தள மென்பொருள்களும் கூடவே ஒரு பெர்லைக் கொண்டுவந்து வைத்துவிடும். நாம் நினைக்கிற பெர்ல்தான் ஓடுகிறது என்று எந்த உறுதியும் இல்லை.

சரி, நானும் ஸ்ட்ராபெர்ரி பெர்லை நிறுவினேன். அதே பாடல்களை என் சி டிரைவில் வைத்து ஓட்டினேன். இப்போது மூன்றாவது விதமாக நடந்தது. பிழையே வரவில்லை, ‘0 கோப்புகள்’ என்று சொல்லிவிட்டு முடிந்தது. அக்காவின் கணினியில் கேள்விக்குறி, என் கணினியில் வெறுமை. ரீட்டிர் தருகிற பெயர்களை வடிகட்டாமல் அச்சிட்டுப் பார்த்தேன். பாடல் பெயர்களுக்குப் பதிலாக, அலைக்குறியும் எண்ணும் போட்ட குட்டைப் பெயர்கள், எல்லாம் பெரிய எழுத்தில். பின்னொட்டும் பெரிய எழுத்து. என் வடிகட்டி சின்ன எழுத்தைத் தேடியதால் ஒன்றுகூடத் தேறவில்லை.

இங்கேதான் முழுக் கதையும் விளங்கியது. விண்டோஸில் கோப்பைத் திறக்க இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று யூனிகோட் வாசல். இன்னொன்று பழைய ஆன்சி வாசல். அது கணினி முழுவதற்கும் அமைத்திருக்கும் ஒரு கோட்பேஜ் வழியாகப் பேசும். விண்டோஸுக்கென்று கட்டப்பட்ட பெர்ல், கோப்பைத் திறப்பதற்கு இந்தப் பழைய வாசலைத்தான் பயன்படுத்துகிறது. ரஷ்ய மொழிக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253, அரபுக்கு 1256, தாய்லாந்து மொழிக்கு 874, வியட்நாமியத்துக்கு 1258 என்று கோட்பேஜ்கள் உண்டு. அந்த மொழிக்காரர்கள் தங்கள் கணினியில் தங்கள் மொழியில் கோப்புக்குப் பெயர் வைத்தால் பெர்ல் திறந்துவிடும். தமிழுக்கு அப்படிக் கணினி முழுவதற்கும் வைக்கக்கூடிய ஆன்சி கோட்பேஜ் ஒன்று ஒதுக்கப்படவே இல்லை. 57004 என்ற எண்ணில், இஸ்கி என்ற இந்திய எழுத்துத் தரத்தின் தமிழ் ஒன்று இருக்கிறது. அது தரவை மாற்றுவதற்கு உதவும், கணினியின் கோட்பேஜாக வைக்க உதவாது. விண்டோஸ் 2000இல் தமிழ் வந்தபோது நேரடியாக யூனிகோடாகவே வந்தது. அது நல்ல முடிவு. ஆனால் பழைய வாசலில் நிற்கிற ஒவ்வொரு மென்பொருளிலும் நமக்குக் கதவு மூடியிருக்கிறது. நம் கணினிகளில் வழக்கமாக இருப்பது 1252, மேற்கு ஐரோப்பியத் தொகுதி. அதில் ‘அ’வுக்கு இடமில்லை.

பெர்ல் செய்தவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. 2007 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பிலிருந்து, ஒரு கோப்பின் பெயர் கோட்பேஜுக்குள் அடங்காவிட்டால் ரீட்டிர் அதன் குட்டைப் பெயரைத் தரும். டாஸ் காலத்து எட்டெழுத்துப் பெயர், மூன்றெழுத்துப் பின்னொட்டு. அதை விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தனியே உண்டாக்கி வைத்திருக்கும். அந்தப் பெயரைக் கொண்டு கோப்பைத் திறந்துவிடலாம். என் சி டிரைவில் நடந்தது அதுதான். ஆனால் விண்டோஸ் 8இலிருந்து, புதிதாக ஃபார்மட் செய்கிற தரவு டிரைவுகளில் குட்டைப் பெயர் உண்டாக்குவது இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. அக்காவின் பாடல்கள் இருந்தது டி டிரைவில். குட்டைப் பெயரும் இல்லை, கோட்பேஜில் இடமும் இல்லை, மிஞ்சியது கேள்விக்குறி. டிர் கட்டளையோடு சாய்கோடு போட்டு எக்ஸ் சேர்த்தால் குட்டைப் பெயர்களைப் பார்க்கலாம். இரண்டு கணினிகளிலும் பார்த்தோம். என்னுடையதில் ஒரு பத்தி நிறைய. அக்காவுடையதில் அந்தப் பத்தி காலி.

இதைத் தேடும்போது படித்த ஒரு செய்தி மனதை விட்டுப் போகவில்லை. 2000இல் வந்த பெர்ல் 5.6இல், பெரிய சி என்ற சுவிட்ச் விண்டோஸுக்கு மட்டும் யூனிகோட் வாசலைத் திறந்துவிட்டது. 2003இல் வந்த 5.8.1இல் அதை எடுத்துவிட்டு, அந்தச் சுவிட்சை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரும் அநேகமாகப் பயன்படுத்தவில்லை என்பதுதான் பெர்லின் ஆவணமே தரும் காரணம். அந்த ஆண்டுகளில் தமிழில் கோப்புக்குப் பெயர் வைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நாம் திஸ்கி, டாப் என்று எட்டு பிட் எழுத்துருக்களில் எழுதிக்கொண்டிருந்தோம். கோப்புக்கு ஆங்கிலத்தில்தான் பெயர் வைத்தோம். நாம் கேட்கத் தொடங்கும் முன்பே அந்தக் கதவு போய்விட்டது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

தீர்வுக்கு மூன்று வழிகள் தெரிந்தன. கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைப்பது முதல் வழி. பலரும் இதைத்தான் சொன்னார்கள்; நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டின் முதல் அடியைக் கொண்டு தேடுகிறவர்களுக்கு அந்தப் பெயர்தான் பட்டியலே. இரண்டாவது, விண்டோஸ் 10இன் வட்டார அமைப்பில் பீட்டா என்ற குறிப்போடு இருக்கும் யூடிஎஃப்-8 தேர்வு. அது கணினியின் கோட்பேஜையே மாற்றிவிடும், எல்லா மென்பொருளுக்கும் சேர்த்து. அதே கணினியில் பழைய கணக்கு மென்பொருள் ஒன்றும் இருந்தது. அது என்னவாகும் என்று தெரியாமல் அதைத் தொட மனம் வரவில்லை. மூன்றாவது, யூனிகோட் வாசல் வழியாகப் போகிற மாட்யூல், அதாவது பெர்லோடு சேர்த்துக்கொள்கிற துணை நிரல். வின்32 லாங்பாத் என்ற மாட்யூலை, பெர்ல் மாட்யூல்களின் இணையக் களஞ்சியமான சீபேனிலிருந்து நிறுவினோம். ஓப்பன், ஓப்பன்டிர், ரீட்டிர் ஆகியவற்றுக்கு இணையாகக் கடைசியில் எல் எழுத்துச் சேர்த்த ஏற்பாடுகள் அதில் உண்டு. ஸ்ட்ராபெர்ரி பெர்லில் சி கம்பைலரும் சேர்ந்தே வருவதால் நிறுவுவதில் சிக்கல் இல்லை. ஸ்க்ரிப்டில் மாறியது ஆறேழு வரிகள். அன்று முந்நூறு பாடல்களும் பெயரோடு வந்தன.

கோப்புகளின் உள்ளடக்கத்திலும் ஒரு சிறு பிரச்சினை இருந்தது. பழைய நோட்பேடில் தமிழைச் சேமிக்கும்போது எச்சரிக்கை வர, அக்கா ‘யூனிகோட்’ என்ற தேர்வைக் கொடுத்திருக்கிறார், அது யூடிஎஃப்-16, தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றையும் இரண்டு பைட்டாக எழுதும் முறை. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் இயல்பாகவே யூடிஎஃப்-8இல் சேமிக்கிறது. ஆக ஒரே ஃபோல்டரில் இரண்டும் கலந்து கிடந்தன. கோப்பின் முதல் பைட்டுகளைப் பார்த்தேன். 255, 254 என்றால் யூடிஎஃப்-16, மற்றவை யூடிஎஃப்-8. இது அரைமணி நேர வேலை.

பட்டியல்தான் அடுத்த புதிர். ஸ்க்ரிப்ட் தந்த சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளியால் பிரித்த பட்டியலை, அக்கா டபுள் கிளிக் செய்ய, எக்செலில் தலைக்கோடு போட்ட ‘ஏ’க்களாக வந்தது. அதற்கு மாற்றாக, யூடிஎஃப்-16இல், டேப் வைத்துப் பிரித்த பட்டியலாக எழுதினேன். அதைத் திறந்தவர் சொன்னது: “தம்பி, தலைப்பு நல்லா இருக்கு. முதல் பாட்டு கொரிய மொழியில இருக்கு. ரெண்டாவது பாட்டு நல்லா இருக்கு. மூணாவது மறுபடியும் கொரியா.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. கோப்பை வாங்கி, பைட்டுகளை எண்களாக அச்சிட்டுப் பார்த்தேன். விண்டோஸ் பெர்லில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அடியில் ஓர் அடுக்கு இருக்கும்; எழுதும்போது 10 என்ற பைட்டைக் கண்டால் முன்னால் 13ஐச் சேர்த்துவிடும். விண்டோஸ் வரி முடிவு அப்படி. யூடிஎஃப்-8க்கு இதனால் தீங்கில்லை. யூடிஎஃப்-16இல் வரி முடிவே இரண்டு பைட், 10, 0. அந்த அடுக்கு எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டை மட்டுமே பார்க்கிறது. 13, 10, 0 என்று மூன்றாக்கிவிடுகிறது. ஒரு பைட் கூடிப்போனதும் அதன் பிறகு வருகிற எல்லாமே ஓரடி தள்ளிப் போகின்றன. ‘க’ என்பது 149, 11. தள்ளிப் போனதும் 11, 149 என்று ஜோடி சேர்ந்து அது ஒரு சீன எழுத்தாகிறது. ‘ம’ என்பது 174, 11. தள்ளிப் போனால் அது கொரிய எழுத்து. புள்ளியும் கால், கொம்பு போன்ற குறிகளும் கூடக் கொரிய எழுத்துகளின் பரப்பிலேயே போய் விழுகின்றன. தமிழில் அவை இல்லாத சொல் அரிது. அதனால்தான் அக்கா கண்ணுக்கு அது கொரிய மொழியாகத் தெரிந்தது. அந்த வரி முடியும்போது இன்னொரு 13 சேர, மொத்தம் இரண்டு பைட் தள்ளி, ஜோடிகள் மறுபடி சரியாகின்றன. அதனால் ஒரு பாட்டு விட்டு ஒரு பாட்டு. கெட்டுப்போன ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு மலையாள ‘ரு’ நின்றது: தமிழ் எழுத்தின் பாதியான 11, கூடுதலாக வந்த 13 இரண்டும் சேர்ந்தால் அந்த எழுத்து. கணக்கு ஒவ்வோர் எழுத்திலும் ஒத்துப்போனது. கோளாறு இவ்வளவு ஒழுங்காக இருக்கும்போது அதைப் பிடித்துவிடலாம்.

அடுக்குகளின் வரிசையை மாற்றினால் போதும்: ஓப்பன் செய்யும்போது முதலில் எதையும் மாற்றாத ரா, அதன் மேல் யூடிஎஃப்-16எல்இ, எல்லாவற்றுக்கும் மேலே வரி முடிவை மாற்றுகிற சிஆர்எல்எஃப். அப்படி வைத்தால் எழுத்தாக இருக்கும்போதே வரி முடிவு மாறும், பைட் தள்ளாது. அதைச் சோதித்துச் சரி என்று உறுதி செய்தபின், பட்டியலை யூடிஎஃப்-8க்கே திருப்பிவிட்டேன். எக்செலுக்குத் தேவைப்பட்டது கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் மட்டுமே. பெர்லில் 65279 என்ற குறியீட்டை முதலில் எழுதினால் அது வந்துவிடும். முதலிலேயே இதைச் செய்திருந்தால் கொரியப் பாடல்கள் வந்திருக்காது. ஆனால் யூடிஎஃப்-16 கோப்புகளைப் படிக்கிற இடத்திலும் அதே அடுக்கு வரிசைதான் வேண்டியிருந்தது. அதனால் அந்த வேலை வீணாகவில்லை.

பட்டியல் முழுதாக வந்த அன்று அக்கா மறுபடி அழைத்தார். “பொழுது சாயயிலே” என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வருகின்றன என்றார். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது. குறியீடுகளை அச்சிட்டேன். ஒன்றில் ‘பொ’ என்பது ‘ப’வோடு ஒகரத்துக்கு உரிய ஒரே குறி. இன்னொன்றில் ‘ப’, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிக்கொண்டு வந்த கோப்புகளில் இப்படிப் பிரிந்து கிடப்பதுண்டு. கண்ணுக்கு ஒன்று, விண்டோஸுக்கு இரண்டு. என்டிஎஃப்எஸ் இவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. யூனிகோட் நார்மலைஸ் மாட்யூலைச் சேர்த்து, பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, இரட்டையாக வருபவற்றைத் தனியே காட்டும்படி செய்தேன். ஐந்து ஜோடிகள் வந்தன. நான்கில் உள்ளே இருந்ததும் ஒன்றே. ஒரு பிரதியை எடுத்துவிட்டார்கள். “பொழுது சாயயிலே” மட்டும் அப்படி இல்லை. ஒன்றில் எட்டு அடி, இன்னொன்றில் பதினொன்று. வேறு வேறு ஊர்களில் வேறு வேறு ஆட்கள் பாடியது. அக்கா இரண்டையும் வைத்துக்கொண்டு, கோப்புப் பெயரின் கடைசியில் ஊர்ப் பெயரைத் தமிழிலேயே சேர்த்தார். ஸ்க்ரிப்டை மறுபடி ஓட்டினார். இரண்டும் தனித்தனியாக, ஊரோடு, பட்டியலில் வந்தன.